விறகு பிளக்கும் கோடரி: கருவித் தேர்வும் காயம் தவிர்க்கும் முறையும்

விறகும் கோடரியும் இன்றும்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் சமையல் எரிவாயு உருளை ஊர்தோறும் வந்துவிட்ட பின்னரும், குளிக்க வெந்நீர் வைப்பதற்கும், நெல் அவிப்பதற்கும், கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பெரிய அடுப்பு மூட்டுவதற்கும், தேநீர்க் கடைகளுக்கும் விறகு தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறை வட்டாரங்களின் முந்திரித் தோப்புகளில் பட்டுப்போன மரங்களும், தைல மரக் காடுகளில் வெட்டிய பின் எஞ்சும் கட்டைகளும், ஏரிக்கரைகளிலும் தரிசு நிலங்களிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் இந்தத் தேவையை நிறைவு செய்கின்றன. கட்டைகளை அறுப்பதற்கு இயந்திர ரம்பம் வந்துவிட்டது என்றாலும், அறுத்த கட்டையை அடுப்பில் நுழையும் அளவுக்குப் பிளக்கும் வேலை வீட்டுக் கொல்லையில் கோடரியால்தான் நடக்கிறது. அதைச் செய்வோரில் பெண்களும் முதியோரும் கணிசமாக உள்ளனர்.

இந்த வேலையில் ஏற்படும் காயத்தைக் கவனக்குறைவு என்றோ போதாத காலம் என்றோ சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் காயம் நேரும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால், வேலைக்குப் பொருந்தாத கோடரி, ஆட்டம் கண்ட காம்பு, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டும் பழக்கம், காயம்பட்ட பின் செய்யப்படும் தவறான கைவைத்தியம் ஆகிய நான்கு காரணங்களே திரும்பத் திரும்பத் தென்படும். நான்குமே தவிர்க்கக் கூடியவை.

வெட்டும் கோடரியும் பிளக்கும் கோடரியும்

ஒரு வீட்டில் ஒரே கோடரிதான் இருக்கும். மரம் வெட்டுவதற்கும் கிளை கழிப்பதற்கும் விறகு பிளப்பதற்கும் அதுவே பயன்படும். எனினும் வெட்டுதலும் பிளத்தலும் வெவ்வேறு செயல்கள். வெட்டும்போது மரத்தின் நாரிழைகள் குறுக்கே அறுபட வேண்டும் என்பதால், அதற்கான கோடரியின் வாய் மெலிந்தும் அகன்றும் கூர்மையாகவும் இருக்கும். பிளக்கும்போது இழைகள் நீளவாக்கில் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். ஆகவே அதற்கான கோடரி, வாயிலிருந்து பின்புறம் நோக்கி விரைவாகப் பருத்து ஆப்பின் வடிவம் பெற்றிருக்க வேண்டும். மெல்லிய கோடரியால் பிளக்க முயன்றால் அது கட்டைக்குள் ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை உருவி எடுக்கும் முயற்சியில்தான் காம்பு முறிவதும், கோடரி திடீரென விடுபட்டு முழங்காலைப் பதம் பார்ப்பதும், இடுப்பு பிடித்துக்கொள்வதும் நிகழ்கின்றன.

எடையைப் பொறுத்தவரை, பிளக்கும் கோடரியின் இரும்புத் தலை 1.5 முதல் 2.5 கிலோ வரை இருப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். கனமான கோடரியே நன்றாகப் பிளக்கும் என்ற நம்பிக்கை பாதி உண்மையே. ஏனெனில் அடியின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்வதால், தூக்க முடியாமல் தூக்கி மெதுவாகப் போடும் மூன்று கிலோ கோடரியைவிட, கட்டுப்பாட்டோடு விரைவாக இறக்கும் இரண்டு கிலோ கோடரி அதிக வேலை செய்யும், தோளையும் காக்கும். பத்து முறை ஓங்கிய பின் கை நடுங்கினால் அந்தக் கோடரி அவருக்கு உரியதன்று.

மொட்டைக் கோடரி பாதுகாப்பானது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. கூர் மழுங்கிய வாய் கட்டையில் பதியாமல் வழுக்கி எகிறும். எகிறியது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கால்தான். பிளக்கும் கோடரிக்குச் சவரக்கத்தியின் கூர் வேண்டியதில்லை, ஆனால் பிசிறும் பள்ளமும் இல்லாத சீரான வாய் வேண்டும். அரத்தால் அவ்வப்போது தேய்த்தால் போதுமானது. மின்சாணையில் அழுத்திப் பிடித்து, இரும்பு நீலம் பாய்ந்து நிறம் மாறும் அளவுக்குச் சூடேற்றினால், கொல்லர் ஏற்றிய பதம் இறங்கி வாய் மென்மையாகிவிடும். லாரிகளின் பழைய வில்பட்டை இரும்பில் அடித்துத் தரும் உள்ளூர்ப் பட்டறைக் கோடரிகள் நன்கு பதம் ஏற்றப்பட்டிருந்தால் கடைக் கோடரிக்குச் சிறிதும் குறைந்தவையல்ல. மேலும், பிளப்பதற்கென்று சொன்னால் கன்னம் பருத்த வடிவில் அடித்துத் தரும் வசதி பட்டறையில்தான் உண்டு.

காம்பு

புளிய மரமும் நாட்டுக் கருவேலமும் கருவிக் காம்புகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன; அதிர்ச்சியைத் தாங்கும் வலு அவற்றுக்கு உண்டு. எந்த மரமாயினும் இழையோட்டம் காம்பின் நீளவாக்கில் இருக்க வேண்டும், கணு இருத்தல் கூடாது. இழை குறுக்கே ஓடும் காம்பு முன்னறிவிப்பின்றி முறியும். இப்போது கடைகளில் கிடைக்கும் இரும்புக் குழாய்க் காம்புகள் உடையமாட்டா என்று கருதப்பட்டாலும், அவை ஒவ்வோர் அடியின் அதிர்வையும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் கடத்துகின்றன. பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விட்டால் தலை தனியே பறந்துவிடும்.

காம்பின் நீளம் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது. குறுங்காம்புக் கோடரி கட்டையைத் தவறவிட்டால், அதன் சுழற்சி வட்டம் சிறியதாக இருப்பதால் வாய் நேரே முழந்தாளுக்கோ கணுக்காலுக்கோ வந்து சேரும். ஏறத்தாழ 80 முதல் 90 செ.மீ. நீளமுள்ள காம்பில் தவறிய அடி காலுக்கு முன்னரே தரையில் இறங்கிவிடும் வாய்ப்பு அதிகம். குறுங்காம்பு மட்டுமே கைவசம் உள்ளவர், தாழ்ந்த அடிக்கட்டையின் முன் மண்டியிட்டுச் சிறு கட்டைகளை மட்டும் பிளப்பது நல்லது.

கோடை வெயிலில் காம்பு வறண்டு சுருங்க, தலை ஆட்டம் காண்கிறது. அப்போது கோடரியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து இறுக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. ஊறிய மரம் உப்பி இறுகுவது உண்மைதான். ஆனால் இரும்பு நெருக்குவதால் உப்பிய இழைகள் நசுங்கிப்போக, மறுபடி காயும்போது முன்னைவிடத் தளர்ந்துவிடும். தளர்ந்த காம்புக்குப் புதிய ஆப்பு அடிப்பதோ காம்பையே மாற்றுவதோதான் தீர்வு.

கட்டையின் இயல்பு

எல்லாக் கட்டையும் ஒன்றுபோல் பிளவுபடுவதில்லை. முந்திரிக் கட்டை மென்மையானது. தைல மரத்தின் இழைகள் முறுக்கிக்கொண்டு ஓடுவதால், காய்ந்துவிட்டால் கோடரியை உள்ளே விடாது. ஆகவே ஈரம் இருக்கும்போதே அதைப் பிளந்துவிட வேண்டும். வேம்புக்கும் புளிக்கும் பின்னிய இழை. சீமைக் கருவேலம் கோணலும் கணுவுமாக வளர்வதால், கணு உள்ள பகுதியைக் கோடரியால் பிளக்க முயலாமல் ரம்பத்தால் அறுத்து ஒதுக்குவதே அறிவுடைமை. அதன் முள் தோலுக்குள் முறிந்து தங்கினால் வாரக்கணக்கில் வீக்கமும் வலியும் தரும். மூட்டருகே குத்திய முள்ளை வீட்டிலேயே ஊசியால் நோண்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈரத்தில் பிளப்பதால் நுரையீரலுக்கும் நன்மை விளைகிறது. பிளந்த விறகு பல பக்கங்களிலும் காற்றுப்பட்டு விரைவில் உலர்கிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகு நன்கு எரிந்து குறைவாகப் புகைகிறது, அடுப்படியில் நிற்பவரின் இருமலும் கண்ணெரிச்சலும் அந்த அளவுக்குக் குறைகின்றன.

நிற்கும் முறை

கட்டையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு அதன்மேலேயே கோடரியை இறக்கும் பழக்கம் கொல்லைதோறும் காணப்படுகிறது. இதனை முற்றாகக் கைவிட வேண்டும். இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையால் கொத்துவதும் அத்தகையதே. கட்டை நிற்காவிட்டால், பழைய டயர் ஒன்றை அடிக்கட்டையின்மேல் வைத்து, அதற்குள் கட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பிளக்கலாம்; சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகள் ஓயாமல் ஓடும் அரியலூரில் பழைய டயருக்குப் பஞ்சம் இருக்காது. டயர் கட்டையைத் தாங்குவதோடு, பிளந்த துண்டுகள் காலில் தெறிக்காமலும் தடுக்கிறது.

அடிக்கட்டை முழங்காலுக்குச் சற்றுத் தாழ்வான உயரத்தில், உறுதியான தரையில் இருக்க வேண்டும். பிளக்க வேண்டிய கட்டையை அதன் மையத்துக்கு அப்பால், நிற்பவருக்கு எதிர்ப்புறமாகத் தள்ளி வைத்தால், குறி தவறிய கோடரி அடிக்கட்டையில் பதியும். இரு கால்களையும் தோள் அகலத்துக்கு விரித்து ஒரே வரிசையில் ஊன்றி, கோடரி இறங்கும்போது முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். அவ்வாறு தாழ்ந்தால் கோடரி வளைந்து காலை நோக்கி வராமல் செங்குத்தாக இறங்கும், இடுப்பும் காக்கப்படும். கட்டையின் முகத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் வெடிப்பைக் குறிவைத்து அடிப்பதும், பருத்த கட்டையை நடுவில் தாக்காமல் ஓரத்திலிருந்து சீவிக்கொண்டு வருவதும் அடிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்.

மேலே துணிக் கொடியோ மரக்கிளையோ மின்கம்பியோ இருக்கிறதா என்று பார்த்தல், வேட்டியை மடித்துக் கட்டுதல், முந்தானையை இறுகச் செருகுதல், ரப்பர்ச் செருப்புக்குப் பதில் கனமான மூடிய காலணி அணிதல், குழந்தைகளை ஐந்து மீட்டருக்கு அப்பால் நிறுத்துதல் ஆகியன வேலைக்கு முன் செய்ய வேண்டியவை. சித்திரை, வைகாசி வெயிலில் இவ்வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மது அருந்தியவர் கையில் கோடரி தரலாகாது.

கண்ணில் தெறிக்கும் சிராய்

காலில் படும் வெட்டுக்கு அஞ்சும் அளவுக்குக் கண்ணில் தெறிக்கும் சிராய்க்கு மக்கள் அஞ்சுவதில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதற்குமான இழப்பு பெரும்பாலும் கண்ணுக்கே நேர்கிறது. கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் அமைந்த கருவிழிப் படலத்தில் மரத்துகள் கீறினால், கீறல் மிகச் சிறியதாயினும், மரத்திலும் மண்ணிலும் வாழும் பூஞ்சைகள் அதன் வழியே புகுந்து கருவிழிப் புண்ணை உண்டாக்கும். மதுரையில் 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்து 1997 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் புண்ணுக்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தமையும், பாதிக்கு மேற்பட்டோர் விவசாயத் தொழிலாளர்களாக இருந்தமையும் தெரியவந்தன. பூஞ்சைப் புண் ஆறினாலும் கருவிழியில் வெண்தழும்பு நின்று பார்வையை மறைத்துவிடும்.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நேபாளத்தின் பக்தபூரில் நடத்தப்பட்டு 2001 இல் வெளியான ஆய்வில், கருவிழிக் கீறல் ஏற்பட்ட 18 மணி நேரத்துக்குள் குளோரம்ஃபெனிகால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பை இடத் தொடங்கியவர்களில் எவருக்கும் புண் உண்டாகவில்லை. மதுரைப் பகுதிக் கிராமங்களிலும் பின்னர் இம்முறை சோதிக்கப்பட்டு, 2006 இல் அதன் முடிவுகள் வெளியாயின. அங்கும் விரைந்த சிகிச்சை பயன் தந்தது. ஆகவே கண்ணில் துகள் பட்ட அன்றே மருத்துவரைக் காண்பதற்கும், மூன்று நாள் பார்த்துவிட்டுப் போவதற்கும் உள்ள வேறுபாடு, பார்வை இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் உள்ள வேறுபாடாகலாம்.

அந்த இடைவெளியில் கண்ணில் தாய்ப்பால் விடுவது, இலைச் சாறு பிழிவது, விளக்கெண்ணெய் இடுவது, துணி முனையாலோ நாக்காலோ துகளை எடுப்பது ஆகிய அனைத்தும் கிருமியை உள்ளே கொண்டு சேர்க்கும் செயல்கள். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பு குறைந்து குணமானதுபோல் தோன்ற, உள்ளே பூஞ்சை தடையின்றிப் பெருகும். ஒட்டியிருக்கும் தூசியைச் சுத்தமான நீரால் கழுவலாம். குத்தி நிற்கும் துகளைத் தொடாமல், கண்ணை அழுத்தாதபடி காகிதக் குவளை போன்ற ஒன்றால் மூடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மரத்துகளினும் கொடியது இரும்புத் துகள். சிக்கிய கோடரியின் பின்புறத்தைச் சம்மட்டியாலோ இன்னொரு கோடரியாலோ அடிக்கும்போது, பதம் ஏறிய இரும்பிலிருந்து சிறு சில் பெயர்ந்து பெருவேகத்தில் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும். வலி சிறிதே இருக்கக்கூடும் என்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து விழித்திரையைப் படிப்படியாகக் கெடுக்கும். சிக்கிய கோடரியை எடுக்கக் காம்பின் முனையை மேலும் கீழுமாகத் தட்டி அசைக்கலாம், அல்லது வெடிப்பில் தனியே ஓர் ஆப்பு இறக்கலாம். ஆப்பின் தலை நசுங்கி இதழ்போல் விரிந்திருந்தால் அதைத் தேய்த்துச் சீராக்கிய பின்னரே அடிக்க வேண்டும். பக்கவாட்டிலும் மறைக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி, கோடரி விற்கும் வன்பொருள் கடைகளிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. படிப்பதற்கு அணியும் கண்ணாடி அதற்கு ஈடாகாது.

வெட்டுக்காயத்துக்கு முதலுதவி

குருதி பெருகும் காயத்தின்மேல் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றை இடுவதால் குருதி நிற்பதைவிடத் தொற்று ஏற்படுவதே உறுதி. அறுவை மருத்துவர் காயத்தின் ஆழத்தைக் காண்பதற்கும் அவை இடையூறாகும். தூய துணியை மடித்து நேரே காயத்தின்மேல் வைத்து, விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தியும் நிற்காமல் குருதி பீறிட்டு உயிருக்கு ஆபத்தென்ற நிலையில் மட்டும், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

விரல் துண்டானால், துண்டை ஈரப்படுத்திய தூய துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டி துண்டின்மேல் நேரே பட்டால் திசு உறைந்து கெடும். காயத்துக்கு அப்பால் உணர்வு மரத்துப்போனாலோ, விரலையோ பாதத்தையோ அசைக்க இயலாவிட்டாலோ, வெளியே தையல் போட்டால் போதும் என்று விடாமல், நரம்பும் தசைநாணும் அறுபட்டுள்ளனவா என்று பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் திருச்சி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிகளும் இம்மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. நீரிழிவு நோயாளிக்குக் காலில் பட்ட காயம் சிறு கீறலாயினும் காட்டியே ஆக வேண்டும்.

ஆண்களுக்கு விடுபடும் தடுப்பூசி

டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்வதால், கொல்லையில் கிடந்த கோடரி பட்ட காயம் ஆழமாக இருந்தால் அந்நோய்க்கு வழி திறக்கிறது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி போடப்படுகிறது, பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் மீண்டும் போடப்படுகிறது. ஆண்களோ பள்ளிப் பருவத்துக்குப் பின் காயம்பட்டாலொழிய அதை நினைப்பதில்லை. பெரியவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். மண் கலந்த காயமாயின், கடைசி ஊசிக்கு ஐந்தாண்டு கடந்திருந்தாலே மீண்டும் தேவைப்படும். விறகு பிளக்கும் வேலையுள்ள வீட்டார், தாம் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டோம் என்று நினைவில்லாவிட்டால், அடுத்த காயத்துக்குக் காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும்.