மக்கு என்னும் செல்வம்: மண்ணின் கரிமமும் மலாக்கா நிலத்தின் பட்டறிவும்

பாடம் எளிதில் ஏறாத மாணவனை 'மக்கு' என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இச்சொல் 'மட்கு' என்னும் வினையடியின் திரிபு. மழுங்குதல், ஒளி குன்றுதல், அழுகிப் பொடியாதல் ஆகிய பொருள்களை அது தரும். மழுங்கிய அறிவையும் மக்கிய இலையையும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் முன்னோர். ஆயின், மண்ணைப் பொறுத்தவரை மக்கு இழிவன்று. அதுவே மண்ணின் முதல். அம்முதல் எவ்வாறு சேர்கிறது, எவ்வாறு கரைகிறது, நிலத்தை ஆளும் முறை அதனை எவ்வாறு மாற்றுகிறது என்பவற்றை இச்சொற்பொழிவில் காண்போம்.

நாம் வாழும் ஊரிலிருந்தே தொடங்கலாம். புக்கிட் காத்தில் என்னும் பெயரில் 'புக்கிட்' என்பது குன்றைக் குறிக்கும் மலாய்ச்சொல். 'காத்தில்' என்பதோ தமிழின் 'கட்டில்' மலாயில் பெற்ற வடிவம். இந்நாட்டு மொழிக்குச் சொற்களை ஈந்த நம்மவர், இந்நிலத்திற்குத் தம் உழைப்பையும் ஈந்தனர். அவ்வுழைப்பின் தடம் மண்ணிலேயே பதிந்துள்ளது.

முதலும் வட்டியும்

செடி காற்றிலுள்ள கரிவளியை உள்வாங்கித் தன் உடலைக் கட்டுகிறது. அதன் இலையும் வேரும் மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அவற்றை உண்கின்றன. உண்ட கரிமத்தின் பெரும்பகுதி மீண்டும் காற்றில் கலக்கிறது. எஞ்சிய சிறுபகுதி களிமண் துகள்களோடு பிணைந்து மக்காகத் தங்குகிறது. மக்கின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது கரிமமே. உலக நிலங்களின் மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 1,500 பில்லியன் டன் கரிமம் அடங்கியுள்ளது. வளிமண்டலத்தில் உள்ள கரிமத்தைப்போல் இஃது ஏறக்குறைய இரு மடங்கு.

கரிமம் தனித்துத் தங்குவதில்லை. மக்கில் ஒரு பங்கு நைட்ரசனுக்குச் சற்றொப்ப 10 முதல் 12 பங்கு கரிமம் இருக்கும். பாசுபரசும் கந்தகமும் அதனோடு சேர்ந்திருக்கும். மக்கு சிறிது சிறிதாகச் சிதையும்போது இச்சத்துகள் வேருக்குக் கிடைக்கின்றன. எனவே மக்கினை முதலாகவும், அது விடுவிக்கும் சத்தினை வட்டியாகவும் கொள்ளலாம். வட்டியை உண்டு வாழலாம். முதலையே உண்ணத் தொடங்கினால் நிலம் வறண்டுவிடும்.

தமிழ் வேளாண் வழக்கு மூன்று முதன்மைச் சத்துகளுக்கும் பொருள் விளங்கப் பெயரிட்டுள்ளது. நைட்ரசன் தழைச்சத்து, பாசுபரசு மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து. இப்பெயர்களைப் புரிந்துகொண்ட மாணவன் ஒரு குப்பைக்குவியலை எரித்தால் என்ன நேரும் என்பதைத் தானே சொல்லிவிடுவான். தழையிலிருந்த கரிமமும் தழைச்சத்தின் பெரும்பகுதியும் புகையோடு போகும். சாம்பல் சத்தும் மணிச்சத்தும் சாம்பலில் எஞ்சும். அவற்றில் சாம்பல் சத்து நீரில் எளிதில் கரைவதால் அடுத்த பெருமழையில் ஓடிவிடும். மக்கவிட்டாலோ மூன்றும் மண்ணிலேயே சுழலும்.

வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த இரு கருத்துகள்

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் 1037ஆம் குறள், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் பிடி எருவும் வேண்டா என்கிறது. இதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. கென்யாவில் ஆய்வு செய்த பர்ச் என்பார் 1958இல், நன்கு காய்ந்த மண் மீண்டும் நனையும்போது மக்கு விரைந்து சிதைந்து தழைச்சத்து பெருமளவில் வெளிப்படுவதைக் காட்டினார். கோடை உழவு தரும் வளத்தின் ஒரு காரணம் இதுவே.

ஆனால் அவ்வளம் முதலிலிருந்து எடுக்கப்படுவது. எடுத்ததை ஈடுசெய்தாக வேண்டும். 1038ஆம் குறள் உழுதலைவிட எருவிடுதல் நன்று என்று கூறுவதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழக உழவர் கிடை போட்டதும், தழை மிதித்ததும், ஏரி வண்டலை வயலுக்குச் சுமந்ததும் இந்த ஈடுதான். கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கப்பெற்ற நிலையான உர ஆய்வும், தொழுவுரம் பெற்ற பாத்திகளில் மண்ணின் கரிமம் மேம்பட்டு நிற்பதையே காட்டிவருகிறது.

மலாக்கா மண் கற்ற பாடம்

தமிழகத்து வறண்ட புழுதிக்குப் பொருந்திய உழவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்நிலத்திற்கு அப்படியே பொருந்தாது. இங்கே வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுதும் நிலவுவதால் மக்கு விரைந்து சிதையும். மேலும், செம்புரைக் கற்கள் செறிந்த ஒரு மண்வகைக்கு மண்ணியலார் 'மலாக்கா' என்றே பெயரிட்டுள்ளனர். பழைய போர்த்துகீசியர் கோட்டைக்குச் செம்புரைக்கல் தந்த நிலமன்றோ இது! இத்தகைய புளிப்பு மண்ணில் களிமண் சத்துகளைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு. இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இவ்விரு குறைகளையும் தணிப்பது மக்கே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவின் உட்பகுதிகளில் மரவள்ளி பெருமளவில் பயிரிடப்பட்டது. காட்டை வெட்டி எரித்து, சில அறுவடைகள் கண்டபின் நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டிற்குப் பெயர்ந்தனர். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் படர்ந்தது. காடு சேர்த்த முதலைச் சில ஆண்டுகளில் செலவிட்ட கதை இது.

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. தமிழர் திரளாக வந்தனர். தொடக்ககாலத் தோட்டங்களில் தரையில் ஒரு புல்லும் இல்லாதவாறு செதுக்கி வைப்பதே நல்ல மேலாண்மை எனக் கருதப்பட்டது. மண்வெட்டி பிடித்த கைகள் நம்மவருடையவை. வெறுந்தரையில் மழை அறைந்து மேல்மண்ணைக் கழுவிச் சென்றது. கரிமம் மிகுதியாக இருப்பது அந்த மேல்மண்ணில்தான்.

இத்தவற்றை உணர்ந்த பின்னர், தோட்டங்கள் அவரையினக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கத் தொடங்கின. 1925இல் நிறுவப்பெற்ற மலாயா இரப்பர் ஆய்வுக் கழகமும் இம்முறையை ஆய்ந்து பரப்பியது. கொடியின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரசனை மண்ணில் சேர்க்கின்றன. நன்கு படர்ந்த கொடி ஐந்தாண்டுகளில் ஓர் எக்டருக்கு 200 கிலோவுக்கு மேற்பட்ட தழைச்சத்தை மண்ணுக்குத் தரவல்லது. தழைச்சத்தோடு கரிமமும் கூடுகிறது, தரையும் மூடப்படுகிறது.

தோட்டச் சொற்களைத் தொகுக்கச் சென்ற நாளில், வெளிக்காட்டு வேலையில் மூப்படைந்த ஓர் அம்மையார் நம்மிடம், "தரையைத் துணியில்லாம விட்டா மண்ணு ஓடிப்போயிரும், ஐயா" என்றார். நூலறிவு நெடுநாள் ஆய்ந்து கண்டதை அவர் ஒரே தொடரில் சொல்லிவிட்டார்.

ஒரே காட்டில் மூவகை மண்

இரப்பர் நின்ற இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைக் காட்டில் நடந்து பார்த்தால் ஒரே நிலத்தில் மூவகை மண்ணைக் காணலாம். மரத்தடி வட்டத்தில் உரம் விழுகிறது. ஆனால் களைக்கொல்லியால் தரை வெறுமையாகிறது. குலை சுமக்கும் பாதை வண்டியால் இறுகிக் கரிமம் குன்றிக் கிடக்கிறது. வெட்டிய மட்டைகளை அடுக்கும் நிரையிலோ மண் கறுத்துப் பொலபொலப்பாக இருக்கிறது, மண்புழு நெளிகிறது. ஓர் எக்டரில் ஆண்டுதோறும் வெட்டப்படும் மட்டைகளின் உலர் எடை ஏறத்தாழ 10 டன். அவற்றை ஒரே வரியில் குவிக்காமல் பரப்பி அடுக்கினால் கறுத்த மண்ணின் பரப்பும் விரியும்.

ஆலைக்குச் செல்லும் 100 டன் குலையில் ஏறத்தாழ 22 டன் வெறுங்குலையாக எஞ்சும். அதில் சாம்பல் சத்து மிகுதி. அதனைத் தோட்டத்திற்கே திருப்பிக் கொணர்ந்து பரப்பினால் சுழற்சி நிறைவுறும். ஆயினும் அதில் கரிமம் மிகுந்தும் தழைச்சத்து குறைந்தும் இருப்பதால், சிதைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். ஆதலால் சிறிது தழைச்சத்து உரத்தையும் உடனிடுவர்.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மறுநடவே பெருஞ்சோதனை. முன்பு பழைய மரங்களை எரித்தனர். 1980களின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் மரங்களைச் சீவி நிலத்திலேயே மக்கவிடும் எரிப்பில்லா முறையைப் பெரிய அளவில் கையாண்டது. 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருதையும் பெற்றது. இம்முறையிலும் இடர் உண்டு. மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றுகளைத் தாக்கும். தண்டை மெல்லிதாகச் சீவுவதாலும், அதன்மேல் மூடுகொடியை விரைந்து படரவிடுவதாலும் இவ்விடரைக் குறைக்கலாம்.

பள்ளி வளாகத்தில் தொடங்குவோம்

தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் பெயர்ந்த நம் பிள்ளைகள் 'மூடுகொடி', 'வெளிக்காடு', 'மக்கு' போன்ற சொற்களை இழந்து வருகின்றனர். சொல்லோடு அது சுட்டிய பட்டறிவும் போகிறது. இதனைத் தடுக்கத் தனிப்பாடம் வேண்டுவதில்லை. பள்ளியில் பெருக்கிய சருகை நெகிழிப்பையில் கட்டி எறிவதற்கு மாறாக ஒரு மூலையில் குவித்து, இடையிடையே பச்சைத் தழையும் சமையலறைக் காய்கறிக் கழிவும் இட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிடலாம். சில திங்களில் கறுத்து மணக்கும் மக்கு கிடைக்கும். அதை இட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் அருகருகே வைத்து, நீர் எதில் விரைந்து ஊறுகிறது, கீரை எதில் செழிக்கிறது என்று மாணவரையே குறித்துவரச் செய்யலாம். அறிவியல் பாடமும் தமிழ்ப் பாடமும் அங்கே ஒன்றாகும்.

அதன்பின் யாரேனும் ஒரு மாணவனை 'மக்கு' என்று ஏசினால், அவன் அந்தக் குவியலைச் சுட்டிக்காட்டட்டும். காலம் கொடுத்துக் கிளறிவிட்டால் மக்கிலிருந்துதான் எல்லாம் முளைக்கின்றன என்பதை ஆசிரியராகிய நாமும் அறிந்துகொள்வோம்.