மீன் மீண்டது, கடன் யார் தலையில்?

கடல் வற்றாது என்பார்கள். உண்மைதான். ஆனால் கடலிலே உள்ள மீன் வற்றும்! வற்றியதை அமெரிக்கா கண்டது. வாஷிங்டன், ஓரிகான், கலிபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களின் மேற்குக் கரையிலே கடலடி மீன்தொழில் நொடித்துவிட்டது, இது பேரிடர் என்று 2000 ஜனவரியில் அந்நாட்டு வணிக அமைச்சரே அறிவிக்க நேர்ந்தது. புயலடித்து வந்த பேரிடர் அல்ல. அள்ளி அள்ளி வந்த பேரிடர்!

அள்ளியவர் யார்? 1960-களிலே சோவியத் கப்பல்களும் ஜப்பானியக் கப்பல்களும் வந்து வாரிச் சென்றன. 1976-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. 200 மைல் வரை மீன் எமதே என்றது. அந்நியக் கப்பல்கள் படிப்படியாக வெளியேறின. மீன் பிழைத்ததா? இல்லை. உள்நாட்டு இழுவைப் படகுகள் அந்த இடத்தை நிரப்பின. படகு கட்டக் கடன் வாங்கினால் அரசே ஜாமீன் நின்றது. வரியிலே சலுகையும் தந்தது. கொடி மாறிற்று, வலை மாறவில்லை.

அந்த மீனின் இயல்பையும் தோழர்கள் அறிய வேண்டும். கடலடியிலே பாறையை ஒட்டி வாழும் பாறைமீன்களில் சில வகைகள் நூறாண்டுக்கு மேலும் உயிர் வாழ்பவை. குஞ்சு ஈனும் பருவம் வரவே சிலவற்றுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். பாட்டன் காலத்து மீனைப் பேரன் பிடிக்கிறான் என்று பொருள்! இத்தகைய மீனையும், விரைவிலே பெருகும் மீனைப் போலக் கணக்கிட்டு, இவ்வளவு பிடிக்கலாம் என்று நிபுணர்கள் அளவு வகுத்தார்கள். அளவே பெரிதாகிப் போயிற்று. இன்னொரு கொடுமை: அளவுக்கு மேல் வலையிலே விழுந்ததைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது, கடலிலே எறி என்றது விதி. ஆழத்திலிருந்து மேலே வரும்போதே காற்றுப்பை உப்பிக் குற்றுயிராகும் மீனை எறிந்தால் பிழைக்குமா? செத்த மீன் கடலிலே மிதந்தது. கணக்கேட்டிலே மட்டும் அது பிடிபடாத மீன்!

1996-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். குறைந்துபோன இனத்தை மீட்டே தீர வேண்டும் என்று கட்டளை பிறந்தது. 1999 முதல் 2010 வரை பத்து இனங்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டன. கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லைவரை, பாறைமீன் வாழும் ஆழத்தையெல்லாம் அடைத்தார்கள். கேனரி என்னும் பாறைமீனில், மூன்று மாநிலக் கரைக்கும் சேர்த்து, ஆண்டுக்கு ஐம்பது டன்னுக்கும் குறைவாகவே 2003-இல் அனுமதி. மஞ்சட்கண் பாறைமீன் மீள 2084 வரை செல்லும் என்றுகூட ஒரு கட்டத்திலே கணக்கிட்டார்கள்.

கட்டுப்பாடு தவறென்று நாம் சொல்லமாட்டோம். விதைநெல்லை அவித்துத் தின்றவன் அடுத்த ஆண்டு எதை விதைப்பான்? நாம் கேட்பது வேறு. பட்டினியை யார் பங்கிட்டுக்கொண்டது?

2003-இல் படகுகளைக் குறைக்கும் திட்டம் வந்தது. ஏறத்தாழ 4 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து 91 படகுகளைத் தொழிலிலிருந்து விலக்கினார்கள். பணம் படகு உரிமையாளருக்கு. அந்தப் படகிலே வலை இழுத்தவனுக்கு அதிலே பங்கில்லை. சரி, அந்தப் பணமாவது அரசு கொடுத்ததா? அரசு கொடுத்தது சுமார் ஒரு கோடி. மீதி மூன்று கோடியே அறுபது லட்சமும் கடன்! தொழிலிலே எஞ்சி நின்றவர்கள், கரைக்குக் கொண்டுவரும் மீன் விலையிலே நூற்றுக்கு ஐந்து வரை கொடுத்து அடைக்க வேண்டும். தவணை வசூல் 2005-இல்தான் தொடங்கிற்று. வட்டியோ கடன் கொடுத்த நாளிலிருந்தே ஓடியது. படகு கட்டிய கடனுக்கு ஜாமீன் நின்ற அதே அரசுதான், படகைக் கலைக்கக் கடன் தந்தது. மீனவன் இரு முறையும் கடனாளி!

அடுத்து 2011. பிடிக்கலாம் என்று வகுத்த அளவைப் பங்கு பங்காகப் பிரித்தார்கள். இழுவைப் படகு உரிமம் வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பங்கு; வைட்டிங் மீனிலே ஐந்தில் ஒரு பங்கு கரையிலுள்ள ஆலைக்காரர்களுக்கு. படகுத் தொழிலாளிக்கு? ஒரு பவுண்டும் இல்லை! பங்கை விற்கலாம், குத்தகைக்கு விடலாம் என்றும் விதி. ஆகவே கடலுக்கே போகாமல் கடல் மீனுக்குக் குத்தகை வாங்கும் பண்ணையார்கள் தோன்ற வழி பிறந்தது. ஒவ்வொரு படகிலும் ஒரு கண்காணிப்பாளர் ஏற வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். முதலிலே அரசு உதவிற்று, பிறகு முழுச் செலவும் படகின் தலையிலே விழுந்தது. செலவு போக மிஞ்சுவதிலே பங்கு வாங்குபவன் தொழிலாளி. அவன் பங்கு தேயாமல் என்ன செய்யும்?

ஆயினும் இத்திட்டத்தின் நன்மையை மறைப்பது நேர்மையல்ல. மீனைக் கடலிலே எறிவது வெகுவாகக் குறைந்தது, எறிந்ததும் கணக்கிலே ஏறியதால். 2015-இல் கேனரி மீண்டது; 2057 வரை ஆகும் என்று ஒரு காலத்திலே சொல்லப்பட்ட மீன் அது! 2019-க்குள் பத்தில் ஒன்பது இனங்கள் மீண்டன. அடைத்த கடலிலே ஓரிகான், கலிபோர்னியாக் கரைகளின் பெரும்பகுதி 2020 ஜனவரியில் இழுவைப் படகுகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

கடலிலே மீன் இருக்கிறது. பிடிக்க உரிமை எவரிடம் இருக்கிறது என்பதே இப்போதைய வழக்கு. கலிபோர்னியாவிலே மோரோ பே என்றொரு துறைமுக ஊர். அங்கே உரிமங்களை ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு விலைக்கு வாங்கியது. பிறகு ஊருக்கென்று ஒரு நிதி அமைத்து, அந்தப் பங்கை அதன் கையிலே சேர்த்தார்கள். அந்த நிதி உள்ளூர் மீனவர்க்குப் பங்கைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. பங்கு ஊரை விட்டு ஓடாது. ஊர் செய்ததை அரசு 2011-இலேயே செய்திருக்கலாமே! வைட்டிங் அல்லாத மீன்களின் பங்கிலே பத்தில் ஒரு பகுதியை, மீனவர் ஊர்கள் போன்றவற்றின் தேவைக்கென்று, அப்போதே தனியே ஒதுக்கி வைத்தது அதே அரசு. ஒதுக்கியதை ஊருக்குக் கொடுத்தார்களா? இல்லை. அந்தப் பத்தில் ஒன்றையும், ஆண்டுக்காண்டு, பங்கு வைத்திருப்பவர்களுக்கே பிரித்துக் கொடுத்து வந்தார்கள்.