கண்ணுக்குத் தெரியாத வலி

ஹற்றன், டிக்கோயா, நுவரெலியாப் பக்கங்களில் 'உடம்பு வலி' என்ற சொல் கேட்காத வீடு இல்லை. காலையில் பிரட்டுக்குப் போய், மழையிலும் குளிரிலும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிப்பவர்களுக்கு வலி வருவதில் வியப்பில்லை. ஓய்வெடுத்தால் அது ஆறிவிடும். என் தோழியின் அம்மாவுக்கோ ஆறவில்லை. தோள், முதுகு, இடுப்பு, கால் எங்கும் வலி. இரவு முழுவதும் தூங்கினாலும் களைப்போடுதான் எழுந்தார். கொழுந்தின் நிறை குறைந்து, அரைப் பேர் விழும் நாட்கள் கூடின. இரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. "வேலைக்குக் கள்ளம்" என்று சிலர் பேசினார்கள். வலியைவிட அந்தப் பேச்சுத்தான் அவரை அழவைத்தது. கடைசியில் ஒரு வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார்: பைப்ரோமயால்ஜியா.

உடலின் பல பகுதிகளில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, தெளிவு தராத தூக்கம், களைப்பு, மறதி ஆகியவை இதன் அறிகுறிகள். ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் கண்டறியப்படுகிறது. தசையோ மூட்டோ இதனால் சேதமடைவதில்லை. வலியை உணர்த்தும் நரம்புத் தொகுதிதான் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. அடுப்புப் புகையைக் கண்டதுமே லயத்தில் தீப்பிடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டும் காவல்காரனைப் போன்றது அது. கூச்சல் உண்மையானது, காரணம் மட்டுமே சிறியது.

1990ஆம் ஆண்டில் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கல்லூரி, உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களில் வலித்தால் இந்நோய் எனக் கொள்ளலாம் என்றது. 2010இல் அம்முறையை விட்டு, வலி பரவியுள்ள அளவையும் தூக்கம், களைப்பு, மறதி ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தது. இரத்தப் பரிசோதனை இந்நோயைக் காட்டாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, முடக்குவாதம் போன்ற வேறு நோய்கள் உண்டா என்று பார்ப்பதற்கே அது செய்யப்படுகிறது. ஆகவே 'ரிப்போர்ட் நல்லா இருக்கு' என்றால் 'வலி இல்லை' என்று பொருளல்ல.

இதற்கு நெருங்கிய இன்னொரு நோய் நாட்பட்ட களைப்பு நோய். உலக சுகாதார நிறுவனம் 1969ஆம் ஆண்டிலேயே இதை நரம்பு மண்டல நோய்களுள் சேர்த்தது. சிறிது வேலை செய்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் படுத்துவிடுவது இதன் முக்கிய அடையாளம்.

இந்த வேறுபாட்டை அறிவது அவசியம். பைப்ரோமயால்ஜியாவுக்கு மெதுவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டும் நடையும் பயிற்சியும் சிறந்த சிகிச்சை. 2016இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டல் உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சியை மட்டுமே. களைப்பு நோயிலோ அப்படிக் கூட்டிக்கொண்டே போவது நிலைமையை மோசமாக்கலாம். 2021இல் பிரித்தானிய வழிகாட்டல் அம்முறையைக் கைவிட்டு, இருக்கும் பலத்தைப் பங்கிட்டுச் செலவிடுமாறு கூறியது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால், எது நமக்குரியது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

சாதாரண வலிக் குளிசைகள் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. வைத்தியர் அமிட்ரிப்டிலின், டுலொக்செட்டின், பிரிகாபலின் போன்றவற்றைத் தரலாம். முதலிரண்டும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுபவை. "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டு மருந்தை எறிபவர்கள் உண்டு. இங்கே அவை வலியையும் தூக்கத்தையும் சீராக்கவே தரப்படுகின்றன. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் பலர் ஓரளவு நிம்மதியாக வாழப் பழகுகிறார்கள்.

ஆண்டுதோறும் மே 12ஆம் திகதி இவ்விரு நோய்களுக்குமான விழிப்புணர்வு நாள். தற்செயலாக, நம் டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடம் 2017இல் திறந்து வைக்கப்பட்டதும் இதே திகதியில்தான்.

நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ நம் மார்க்கம் இடமளிக்கிறது. நோயாளியின் இயலாமையை அது ஒப்புக்கொள்கிறது. நாம் மட்டும் ஏன் சாட்சி கேட்க வேண்டும்? பெற்றோரே, "களைப்பா இருக்கு" என்று சொல்லும் மகளைச் சோம்பேறி என்பதற்கு முன் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். தோழியரே, உம்மா வலிக்கிறது என்றால், தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். என் தோழி இப்போது அதைத்தான் செய்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு வலி இன்னும் இருக்கிறது; அதை மறைக்க வேண்டிய பயம் மட்டும் இல்லை.