தீங்குயிர் வேட்டையில் அரைத் தானியங்கி ரைபிளின் துல்லியம்

அரைத் தானியங்கி ரைபிள் என்பது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டை மட்டும் சுட்டு, அந்த வெடிப்பின் ஆற்றலைக் கொண்டே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானாக அறைக்குள் ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பயிருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் கால்நடைக்கும் தீங்கு செய்வனவாகக் கருதப்படும் சிறு விலங்குகளைச் சுடுவதற்கு இவ்வகை ரைபிள்கள், குறிப்பாக ஏஆர்-15 வகை, பயன்படுகின்றன. இவ்விலங்குகள் உருவில் சிறியவை, தொலைவிலிருந்து சுடப்படுபவை. ஆகவே படைத்துறைக்குப் போதுமான துல்லியம் இவ்வேட்டைக்குப் போதாது. அதனை மேம்படுத்தும் வழிகளும் அவற்றின் எல்லைகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

பின்னணி

இவ்வகை விலங்குகளை அமெரிக்கர் "வார்மின்ட்" என்பர். பிரெய்ரி நாய், தரை அணில், உட்சக் எனப்படும் மர்மோட்டு, கோயோட்டி எனப்படும் சிறிய ஓநாய் இனம் ஆகியவை இதில் அடங்கும். பிரெய்ரி நாய் பெயரளவில் மட்டுமே நாய். உண்மையில் அது அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளைகளில் கூட்டமாக வாழும் கொறிணி. வளையின் வாயில் நிமிர்ந்து நிற்கும்போது அதன் உடல் ஏறத்தாழ ஒரு கையகலமே இருக்கும்.

இவ்வேட்டைக்கு நெடுங்காலமாகக் கையால் தாழ்நீக்கி இயக்கப்படும் கனத்த குழலுடைய ரைபிள்களே பயன்பட்டன. 1950-இல் வெளிவந்த .222 ரெமிங்டன் தோட்டா இவ்வேட்டையிலும் இலக்குப் போட்டிகளிலும் புகழ்பெற்றது. அதன் வழியில் உருவாகிய .223 ரெமிங்டன் 1964-இல் வணிகத் தோட்டாவாக அறிமுகமானது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15 ரைபிளின் உரிமையை ஆர்மலைட் நிறுவனத்திடமிருந்து கோல்ட் நிறுவனம் 1959-இல் வாங்கியது. அந்த ரைபிளும் இதே தோட்டாவைச் சுடுவதால், அதன் குடிசார் வடிவம் நாளடைவில் வேட்டைக்கும் வந்தது.

துல்லியமும் அதன் அளவும்

துல்லியம் என்ற சொல்லில் இரு பொருள்கள் கலந்துள்ளன. குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுவது செறிவு. அவை குறியின் நடுவில் விழுவது நேர்மை. நேர்மையைக் குறிநோக்கியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். செறிவைப் பெறுவதற்கே ரைபிளிலும் தோட்டாவிலும் வேலை தேவைப்படுகிறது.

செறிவு கோண நிமிடத்தில் அளக்கப்படும். ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோண நிமிடம். இது 100 கெசத்தில் 1.047 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.7 செ.மீ. அகலத்தைத் தரும். 300 கெசத்தில் அது 8 செ.மீ. ஆகிறது. 2 நிமிடச் செறிவுடைய ரைபிள் அதே தொலைவில் குண்டுகளை 16 செ.மீ. அகலத்தில் சிதறடிக்கும். கையகலமே உள்ள விலங்கின் நடுவில் பிழையின்றிக் குறிவைத்தாலும், அச்சிதறலின் விளிம்பில் விழும் குண்டு தவறும் அல்லது காயம் மட்டும் ஏற்படுத்தும். 1 நிமிடச் செறிவு இவ்வேட்டையில் பெரிதும் நாடப்படுவதன் காரணம் இதுவே.

அரைத் தானியங்கி அமைப்பின் வரம்புகள்

தானாக இயங்கும் துப்பாக்கியில் தூசியும் கரியும் படிந்தாலும் தோட்டா தடையின்றி அறைக்குள் செல்ல வேண்டும். அதற்காக அறையிலும் அசையும் பாகங்களிலும் சிறிது இடைவெளி விடப்படுகிறது. தோட்டா பெட்டிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் அதன் மொத்த நீளம் 2.26 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. எனவே குண்டைக் குழலின் வரிப்பள்ளங்களுக்கு விரும்பிய அளவு அருகில் வைக்க முடியாது. வெடிவளியைப் பின்னே கொண்டுவரும் குழாயும் குழலோடு இணைந்துள்ளது. ஆயினும் தாழ் திறந்து பின்செல்வது குண்டு குழலை விட்டு நீங்கிய பின்னரே. எனவே தானியக்கம் மட்டுமே செறிவைக் கெடுப்பதில்லை.

மேற்கூட்டுக்கும் கீழ்க்கூட்டுக்கும் இடையிலுள்ள ஆட்டமே சிதறலுக்குக் காரணம் என்ற கருத்தும் உண்டு. ஆனால் குழல், தாழ், குறிநோக்கி மூன்றும் மேற்கூட்டிலேயே அமைந்திருப்பதால் அவ்வாட்டத்தின் விளைவு சிறிது.

குழல்

செறிவைத் தீர்மானிப்பதில் குழலே முதன்மையானது. உட்துளை சீராகவும், அறை துளையோடு ஒரே அச்சிலும், குழல்வாய் வடுவின்றியும் இருத்தல் வேண்டும். குழல்வாயில் ஒரு பக்கம் மட்டும் சிதைந்திருந்தால் வெளியேறும் வளி குண்டை ஒருபுறம் தள்ளும். படைத்துறைக் குழல்களின் உட்புறம் நெடுநாள் உழைப்புக்காகக் குரோமியப் பூச்சுப் பெறுகிறது; இலக்குக் குழல்கள் பெரும்பாலும் பூச்சற்ற துருவுறா எஃகால் ஆனவை. தடித்த குழல் இயல்பாகவே துல்லியமானது அன்று. அது மெல்லச் சூடேறுவதால், பல குண்டுகளை அடுத்தடுத்துச் சுடும்போது குறியிடம் நகர்வது குறைகிறது.

குழலின் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து நிலைப்படுத்துகின்றன. நீண்ட குண்டுக்கு விரைந்த சுழற்சி தேவை. இதனைக் கணக்கிட ஆல்ஃபிரட் கிரீன்ஹில் 1879-இல் ஒரு வாய்பாட்டை வகுத்தார். தொடக்க கால ஏஆர்-15 குழலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தது. பின்னர் அது 12 அங்குலமாக மாற்றப்பட்டது. நீண்ட குண்டுகளுக்காக எம்16ஏ2 ரைபிளில் 7 அங்குலமானது. நொடிக்கு 3,200 அடி விரைவில் வெளியேறும் குண்டு 12 அங்குலச் சுற்றில் நிமிடத்துக்கு 1,92,000 முறையும், 7 அங்குலச் சுற்றில் ஏறத்தாழ 3,29,000 முறையும் சுழல்கிறது. மெல்லிய உறையுடைய வேட்டைக் குண்டுகளில் சில இவ்வளவு விரைந்த சுழற்சியைத் தாங்காமல் வானிலேயே சிதறக்கூடும். எனவே இலகுவான குண்டுகளைச் சுடுவோர் 9 அல்லது 12 அங்குலம் போன்ற மெதுவான சுற்றைத் தேர்வர்.

முன்கைப்பிடி

வழக்கமான ஏஆர்-15 ரைபிளின் முன்கைப்பிடி குழலின் இரு இடங்களைத் தொட்டு நிற்கிறது. சுடுபவரின் கையோ, தோள்வாரோ, முன்தாங்கியோ அதை அழுத்தும்போது குழலும் நுண்ணளவில் வளைகிறது. சுடும்போது குழல் அதிரும் முறையும் மாறுகிறது. கூட்டோடு மட்டும் இணைந்து, குழலை எங்கும் தொடாத முன்கைப்பிடியைப் பொருத்தினால் இக்குறை நீங்கும். குழலை மாற்றாமலே செய்யக்கூடிய திருத்தங்களில் இதுவே குறிப்பிடத்தக்க பயன் தருவது.

விசை

படைத்துறை எம்16 விசையை இழுக்க 5.5 முதல் 9.5 இறாத்தல் வரை, அதாவது 2.5 முதல் 4.3 கிலோகிராம் விசை தேவைப்படலாம். இது ஏறத்தாழ ரைபிளின் எடைக்கே நிகரானது; இழுக்கும் முயற்சியிலேயே குறி நகர்ந்துவிடும். இரு கட்டமாக இழுபடும் போட்டி விசைகள் இதற்கு மாற்றாக உள்ளன. நல்ல விசை ரைபிளின் இயல்பான செறிவைக் கூட்டுவதில்லை. சுடுபவரின் பிழையைக் குறைக்கிறது.

விசையின் பற்றுமுனைகளை வீட்டில் அரத்தால் தேய்ப்பது ஆபத்தானது. அவற்றின் கடினப்படுத்தப்பட்ட மேற்படலம் மெல்லியது. அது தேய்ந்தால் சுத்தி உரிய இடத்தில் நில்லாமல் நழுவித் துப்பாக்கி தானே வெடிக்கக்கூடும். முழுமையாக உருவாக்கப்பட்ட விசைத் தொகுதியைத் தகுதி பெற்ற துப்பாக்கிக் கம்மியர் பொருத்துவதே முறை.

தோட்டா

ஒரே ரைபிள் ஒரு வகைத் தோட்டாவை நெருக்கமாகவும் மற்றொன்றைச் சிதறலாகவும் சுடுவது இயல்பு. ஆகவே பல வகைகளைச் சுட்டுப் பார்த்துத் தேர்வதே மிக எளிய மேம்பாடு. வேட்டைக்கு 40 முதல் 55 கிரெயின் வரை, அதாவது 2.6 முதல் 3.6 கிராம் வரை எடையுள்ள மெல்லுறைக் குண்டுகள் பயன்படுகின்றன. பட்டவுடன் சிதறுவதால் அவை விலங்கை விரைவில் கொல்கின்றன. தரையில் பட்டுத் தெறித்துச் செல்லும் ஆபத்தும் குறைகிறது.

.223 ரெமிங்டன் தோட்டாவும் 5.56 மி.மீ. நேட்டோ தோட்டாவும் புறத்தோற்றத்தில் ஒன்றே. ஆயினும் நேட்டோ அறையில் வரிப்பள்ளங்களுக்கு முன்னுள்ள வழி நீளமானது. நேட்டோ தோட்டாவை .223 அறையில் சுட்டால் அழுத்தம் அளவுமீறக்கூடும். பில் வைல்ட் வடிவமைத்த .223 வைல்ட் அறை இரண்டையும் ஏற்று, துல்லியத்தையும் காக்க முயல்கிறது.

தோட்டாக்களைத் தாமே நிரப்புவோர் தாழ்வகை ரைபிளின் வழக்கங்களை அப்படியே பின்பற்றலாகாது. ஏஆர்-15-இன் சுடுமுனைக்கு விற்சுருள் தடை இல்லை; தாழ் மூடும்போது அது பிரைமரை இலேசாகத் தட்டும். பிரைமர் மென்மையாகவோ துருத்திக்கொண்டோ இருந்தால் விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கலாம். கூட்டை முழு நீளத்துக்கும் அளவுபடுத்துவதும், பிரைமரைச் சற்று உள்ளமுங்க வைப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

சோதித்தல்

மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்த ஒரு தாளைக் கொண்டு ரைபிளை மதிப்பிடுவது பரவலான பிழை. குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றுக்கிடையேயான பெரும அகலமும் கூடும். புள்ளியியல்படி, அதே ரைபிள் சுடும் 10 குண்டுத் தொகுதியின் சராசரி அகலம் 3 குண்டுத் தொகுதியின் அகலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருக்கும். ஒரு திருத்தம் பயன் தந்ததா என அறிய, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே வகைத் தோட்டாவால் பல தொகுதிகள் சுட்டு ஒப்பிட வேண்டும்.

காற்றும் சுடுபவரும்

55 கிரெயின் குண்டை மணிக்கு 10 மைல் விரைவில் வீசும் பக்கக்காற்று 300 கெசத்தில் ஏறத்தாழ ஓர் அடி விலக்கும். ஒன்றரை நிமிட ரைபிளை ஒரு நிமிட ரைபிளாக மாற்றுவதால் அதே தொலைவில் சிதறலின் முழு அகலம் 4 செ.மீ. மட்டுமே குறைகிறது. காற்றை மதிப்பிடும் திறனும், தொலைவை அறிந்து சுடாமல் விடும் பொறுமையும் பல வேளைகளில் கருவிகளைவிடப் பெரிய பயன் தருகின்றன. காயமுற்ற பிரெய்ரி நாய் வளைக்குள் புகுந்துவிட்டால் அதன் துன்பத்தை முடிக்க வழியில்லை.

சூழலும் சட்டமும்

தீங்குயிர் என்ற பெயர் உயிரியல் வகைப்பாடு அன்று. பிரெய்ரி நாய்களையே முதன்மை உணவாகக் கொண்ட கருங்கால் மரநாய் அழிந்ததாகக் கருதப்பட்டு, 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்சி அருகே மீண்டும் கண்டறியப்பட்டது. யூட்டா பிரெய்ரி நாய் கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற இனமாகும். சுட்ட விலங்குகளின் உடலில் தங்கும் ஈயத் துகள்கள் அவற்றை உண்ணும் கழுகுகளுக்கு நஞ்சாகின்றன. கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவதற்கான தடை 2019 சூலை 1-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அரைத் தானியங்கி ரைபிள் பற்றிய சட்டங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. பிரித்தானியா 1988-இல் .22 விளிம்புவெடித் தோட்டா வகை நீங்கலாக ஏனையவற்றைத் தடைசெய்தது. நியூசிலாந்து 2019-இல் பெரும்பாலானவற்றைத் தடைசெய்தது. அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியா 2017-இல்தான் சிறுவிலங்கு வேட்டைக்கு இவற்றை அனுமதித்தது.