டாக்கிள் போடாத பேக்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து மின்சார ரயில் ஏறினால், சென்ட்ரலில் இறங்கி நேரு விளையாட்டு அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கேதான் 2017 முதல் 2019 வரை சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்காக இனிகோ கால்டெரோன் என்ற ஸ்பெயின்காரர் ஆடினார். வலது பக்கத் தடுப்பாட்டக்காரர். நம் பையன்கள் பாஷையில் ரைட் பேக். கோல் அடிப்பவரை ஊரே கொண்டாடும், சரி. கோலைத் தடுப்பவர் மேல் ரசிகர்களுக்கு இத்தனை பிரியம் எப்படி வந்தது? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே பார்ப்போம்.

1982-ல் ஸ்பெயினின் வடக்கே விட்டோரியாவில் பிறந்தவர். சொந்த ஊர் அணியான அலவேஸில் ஆடிவிட்டு, 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரைட்டனில் சேர்ந்தார். அப்போது பிரைட்டன் அங்கே மூன்றாம் நிலை லீகில் இருந்தது. அடுத்த சீசனிலேயே அந்த லீகை வென்று மேலே ஏறியது. 2016 வரை அவர் அந்த அணியை விட்டு நகரவில்லை. பிறகு சைப்ரஸில் ஒரு சீசன். சென்னைக்கு வந்தபோது வயது 35.

அந்த வயதில், ஓரமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு பறக்கும் இருபது வயது விங்கரோடு ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்க முடியாது. அப்படியானால் அந்த விங்கரை எப்படித் தடுப்பது?

இங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். சறுக்கி விழுந்து டாக்கிள் போட்டுப் பந்தைப் பறிப்பவன்தான் நல்ல பேக் என்று நினைக்கிறோம், அதற்குத்தான் கைதட்டுகிறோம். மாட்டைத் தொழுவத்துக்குத் திருப்புகிற ஆளைக் கவனித்திருப்பீர்கள். துரத்திப் பிடிக்க மாட்டார். அது போகக்கூடாத பக்கத்தில் போய் நிற்பார், அவ்வளவுதான். மீதி வழியை மாடே பார்த்துக்கொள்ளும். பேக்கின் வேலையும் இதேதான். கோலுக்குப் போகும் உள்வழியை அடைத்து, உடம்பை லேசாகச் சாய்த்து, இரண்டு எட்டு தள்ளி நிற்பார். விங்கருக்குக் கோட்டோரம் மட்டுமே மிச்சம். அங்கிருந்து நேராகக் கோல் அடிக்கக் கோணம் கிடைப்பது அரிது. பந்தை உள்ளே தூக்கிப் போடலாம், அல்லது திரும்பிப் போகலாம்.

சறுக்குவது, நின்று தடுக்க முடியாமல் போன பிறகு செய்கிற காரியம். தவறினால் பேக் தரையில் கிடப்பார், விங்கர் தனியாகக் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார். பெனால்டி எல்லைக்குள் விங்கரின் காலில் பட்டுவிட்டால் கதை முடிந்தது. ஆகவே ஒரு பேக் ஆட்டம் முழுக்கச் சட்டையில் மண் படாமல் வந்தால், பெரும்பாலும் அவர் நன்றாக ஆடியிருக்கிறார் என்றே அர்த்தம்.

ரைட் பேக் முன்னேறியும் ஆட வேண்டும். அப்போது பின்னால் விட்ட இடத்தை யாராவது காக்க வேண்டுமே? அது நடுக்களத்தில் தற்காப்புக்கு நிற்பவரின் வேலை. கால்டெரோன் ஆடிய சென்னை அணியில் அந்த இடத்தில் ஆடியவர் தனபால் கணேஷ். திருவள்ளூர் ரயில் தாண்டி வரும் வியாசர்பாடியின் பிள்ளை! இந்தியக் கால்பந்து லீகில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோலும் அடித்தார். 2018 மார்ச் 17 அன்று இறுதியாட்டத்தில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று சென்னை கோப்பையைத் தூக்கியது. அதில் இரண்டு கோல்கள், கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி மெய்ல்சன் ஆல்வெஸ் அடித்தவை. அவரும் தடுப்பாட்டக்காரர்தான்.

நம் பக்கத்து மைதானங்களில் சாயங்காலம் பேக் ஆடுகிற சின்னப் பையனைப் பார்த்து, “போய்ப் பிடுங்குடா!” என்று கத்துகிறோம். அவனும் பாய்கிறான், ஏமாறுகிறான், திட்டும் வாங்குகிறான். “பாயாதே, உள்ளே விடாம நில்லு” என்று ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள்.