செரெங்கெட்டியில் எந்த மழை?

பல ஆண்டுகள் சேமித்த பணத்தில் ஆப்பிரிக்க வனவிலங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள், "மழைக்காலம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால், தான்சானியாவின் செரெங்கெட்டியில் மழைக்காலம் இரண்டு உண்டு.

நவம்பர், டிசம்பரில் வருவது குறுகிய மழை. அதில் தென்பகுதிச் சமவெளி பச்சைப்பசேல் என்றாகிவிடும். எரிமலைச் சாம்பல் படிந்த மண் என்பதால் அந்தப் புல்லில் தாதுச்சத்து அதிகம். அதைத் தேடி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் விலங்குகள் அங்கே திரளும். பிப்ரவரி வாக்கில், இரண்டு மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடும். பிறந்த சில நிமிடங்களிலேயே கன்று எழுந்து நிற்க வேண்டும்; தாமதித்தால் கழுதைப்புலிக்கு இரை.

மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. அப்போது கட்டணமும் கூட்டமும் குறையும். ஆனால், கறுப்புக் களிமண் பாதையில் வண்டி சிக்கிக்கொள்ளும். சில தங்குமிடங்களை மூடிவிடுவார்கள்.

ஆகவே, மலிவு என்றதும் ஏப்ரலுக்குப் பதிவு செய்துவிடாதீர்கள். முகவர் விலை சொல்லும்போதே எந்த மாதம், பூங்காவின் எந்தப் பகுதி என்று கேளுங்கள். மழைக்காலத்தில் கொசு அதிகம். மலேரியா தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.