சந்தனம் தனித்து வாழாது

அத்தரின் மணம் அறியாத முஸ்லிம் இல்லம் இராது. மலர்களை வாலையில் வடிக்கும்போது எழும் மணத்தை ஏற்றுத் தாங்குவதற்கு, காலங்காலமாகப் பயன்பட்டு வந்தது சந்தன எண்ணெயே. ஆனால், அந்தச் சந்தனம் எவ்வாறு வளர்கிறது என்பதைச் சிந்தித்திருக்கிறீர்களா?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியிலிருந்து மலைச்சரிவை நோக்குங்கள். ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த அச்சரிவில், 1980களின் இறுதியிலிருந்து பல இனக் கன்றுகள் நடப்பட்டு, இன்று பசுமை தழைத்திருக்கிறது. மரமும் புதரும் கலந்து நிற்கும் இத்தகைய வறண்ட காடே சந்தனத்துக்கு ஏற்ற இடம். இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலை, சந்தனத்துக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

சந்தனம் ஒரு பாதி ஒட்டுண்ணி. இதனைக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஜான் ஸ்காட் 1871ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதன் பச்சை இலைகள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன. மண்ணுக்கடியிலோ, அதன் வேர்கள் அண்டைச் செடிகளின் வேர்களைத் தேடிச் சென்று, சிறு குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்புகளால் பற்றிக்கொள்கின்றன. அவற்றின் வழியே நீரையும் தாதுச் சத்துக்களையும் பெறுகின்றன. மேலே பார்ப்பவர் கண்ணுக்கு இந்த உறவு தெரிவதே இல்லை.

ஆகவே, வீட்டு முற்றத்தைச் சுத்தமாகச் செதுக்கி, நடுவே ஒரு சந்தனக் கன்றை மட்டும் நடுவோர் ஏமாற்றமே அடைவர். விதையில் இருந்த சத்து தீர்ந்ததும் இலை வெளுத்து, வளர்ச்சி குன்றிவிடும். உரமோ நீரோ குறைந்தது என எண்ணி மேலும் மேலும் ஊற்றுவதால் பயனில்லை. தண்ணீர் தேங்கினால் வேரே அழுகும்.

கன்றுப் பையிலேயே பொன்னாங்கண்ணியைத் துணையாக வளருங்கள். நிலத்தில் நட்டதும் அருகே துவரை விதையுங்கள். நீண்ட காலத் துணைக்குச் சவுக்கு, நெல்லி, புங்கன் போன்றவற்றை நடுங்கள். களை என்று எண்ணித் துணைச்செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

பொறுமையும் வேண்டும். வைரம் பாயத் தொடங்கவே பத்தாண்டுகளுக்கு மேலாகலாம். மணமிக்க, முற்றிய கட்டைக்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் மைசூரில் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். தமிழகத்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின், பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம். எனினும், வனத்துறையின் அனுமதியின்றி அதை வெட்டலாகாது.

சந்தனக் கன்று வாங்கச் செல்லும் நாளில், அதற்கு அண்டை வீட்டாராக எவற்றை நடப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொண்டு செல்லுங்கள்.